குறத்தி வேடம்

பள்ளியின் பண்பாட்டு விழாவுக்கு மகள் நதியா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நம்ம பாசிமணியவே போட்டுக்கிட்டு வரேம்மா." பாசிமணி விற்றுப் பிழைக்கும் நரிக்குறவப் பெண்ணான சரசா, "அந்தப் பவுசெல்லாம் பஸ் ஸ்டாண்டோட போகட்டும்டி" என்று அவளை ஒரு வாடகைப் பஞ்சாபி உடைக்குள் திணித்துக் கூட்டிவந்தாள். மாறுவேடப் போட்டி மேடையிலோ தாளாளரின் பேத்தி ஆரண்யா குறத்தியாக நின்றாள். கழுத்தில் ஏழெட்டுச் சரம். முந்தாநாள் அவர்கள் கார் கண்ணாடி வழியே சரசாவே விற்றவை. "அச்சு அசல்!" என்று உருகினார் சிறப்பு விருந்தினர். எளிய மக்களின் பண்பாட்டைப் போற்றுவதில் இந்தப் பள்ளிக்கு ஈடே இல்லை என்றார். எளிய மக்கள் நாற்காலி கிடைக்காமல் கடைசியில் நின்றபடி கைதட்டினார்கள். முதல் பரிசை நீட்டியவர், "அவங்க பாஷையில ஒரு வார்த்தை பேசும்மா தங்கம்" என்றார். ஆரண்யா திருதிருவென்று விழித்தாள். "எனக்குத் தெரியும் சார்!" என்று கடைசியிலிருந்து துள்ளினாள் நதியா. அடுத்த சொல் வருவதற்குள் சரசாவின் கை அந்த வாயைப் பொத்திவிட்டது. அரங்கமே திரும்பிப் பார்த்தது. "ஒண்ணுமில்லீங்க சாமி, புள்ளைக்கு இருமலு" என்றாள். கையை எடுத்துவிடத்தான் நினைத்தாள், கை வரவில்லை. உள்ளங்கைக்குள் மகளின் உதடுகள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தன.