மூன்று முறை கூப்பிட்டும்

அக்சாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே நேர்காணல் நடக்கிறது. உதவித்தொகையோடு ஆராய்ச்சிப் படிப்பு; இருப்பதோ ஒரே இடம். குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமா என்று சோதிக்க அவள் உருவாக்கிய செல்போன் செயலியைத்தான் மலைபோல நம்பி வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, குடியாத்தத்திலிருந்து பூரணி போன் செய்தாள்.

"மேடம், எம்புள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம்னு நேத்து உங்க ஆப் சொல்லிச்சே, அதுலேர்ந்து ஒருவாய் சோறு எறங்கல."

"மூணு தடவை 'திவ்யதர்ஷன்'னு கூப்பிட்டுச்சுக்கா. அவன் திரும்பவே இல்லையே."

"அது ஜாதகத்துக்கு வெச்ச பேரு மேடம். வீட்ல 'அப்பு'ன்னுதான் கூப்பிடுவோம்."

"அதெப்படிக்கா? சொந்தப் பேருக்குத் திரும்பாம யாராவது இருப்பாங்களா?"

பியூன் கதவைத் திறந்து, "எஸ்தர் ராணி!" என்று கத்தினார். மறுபடியும் கத்தினார். மூன்றாம் முறை கத்தியபோது, இரைச்சல் தாங்காமல் அக்சா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பியூன் அருகே வந்து, அவள் கையிலிருந்த சான்றிதழை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எஸ்தர் ராணி நீதானே? மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பவே இல்லையே!"

போனில் பூரணி மெதுவாகக் கேட்டாள்: "உங்கள வீட்ல இன்னானு கூப்பிடுவாங்க மேடம்?"