கம்பளிக்காரர்

மகன் பிறந்த அன்று, சிசேரியன் மயக்கம் தெளிந்து கிடுகிடுவென நடுங்கிய கோதையைக் கம்பளி போர்த்திக் கட்டிப்பிடித்துத்தான் நாச்சிமுத்து அவர்களுடைய முதல் சண்டையைத் தீர்த்தான். இப்போதைய ஒரு மாத மௌனத்தையும் அப்படியே முடித்துவிடலாம் என்று, அவளுடைய பித்தப்பை ஆபரேஷன் முடிந்ததும் கம்பளியோடு போய் நின்றான்.

“கம்பளியா? மயக்க மருந்தோட நடுக்கம் வராம இருக்க ஊசியும் போட்டுடறோமே! இந்தக் காலத்துல யாருங்க நடுங்கறாங்க?” என்று நர்ஸ் சிரித்தாள்.

அவன் முகம் தொங்கிப்போய்த் திரும்பினான். கட்டிலில் கோதையின் பற்கள் கடகடவென அடித்துக்கொண்டன.

நடுக்கத்தைப் பாடத்தில் மட்டுமே படித்திருந்த டாக்டர்கள் ஓடிவந்து அவனை வெளியே தள்ளினார்கள். ஒருவர் இன்னோர் ஊசியை எடுத்தார்.

கோதை ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

“ஊசியெல்லாம் வேண்டாமுங்க. அந்தக் கம்பளிக்காரரை உள்ள உடுங்க, தானா நின்னுரும்.”