மூன்று நாள் நீலம்

இசக்கிக்கு வரவேண்டிய பாக்கி பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அது கைக்கு வந்து சேர, தனக்கு ஏதாவது ஒரு கெட்டது நடக்காதா என்று மூன்று நாளாக அவன் ஏங்கிக்கொண்டிருந்தான்.

சாலைக் கடைத்தெருவில் நெல்லையப்பன் அண்ணாச்சியின் ராசிக்கல் கடைக்கு டைல்ஸ் ஒட்டிய கூலி அது. பதினோரு நாள் முழங்கால் தேய ஒட்டி முடித்துவிட்டுக் கையை நீட்டினால், அண்ணாச்சி ஒரு நீலக்கல்லைத் தாளில் மடித்து நீட்டினார்.

"கையில ரொக்கம் இல்லடே. நல்ல நீலம், கூலிக்கு மேலயே பெறும்."

இசக்கி கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "உள்ள முடி மாதிரி கீறல் கெடக்கே அண்ணாச்சி? டைல்ஸா இருந்தா கம்பெனிக்கே திருப்பி அனுப்பிருப்பேன்."

"கீறல் இருந்தாத்தான்டே மண்ணுல வெளைஞ்ச கல்லு. ஒண்ணுமே இல்லாம பளபளன்னு இருந்தா மெஷின்ல செஞ்சதா இருக்கும்." அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "புஷ்பராகம், மரகதம்லாம் சாதுடே. நீலம் மட்டும் ஆளு பாக்கும். மூணு நாள் தலைமாட்டுல வச்சுப் படு. நல்லது நடந்தா கல்லு ஒனக்கு, கணக்கு தீந்துது. கெட்டது நடந்தா கல்லைத் தந்துட்டு ரூபாய வாங்கிட்டுப் போ. எது நடந்தாலும் மறைக்காம வந்து சொல்லணும், கேட்டியா?"

மகள் கலைச்செல்விக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். ஃபீஸ் கவுண்டரில் நீலக்கல் வாங்க மாட்டார்கள்.

முதல் நாள் வேலைக்குக் கழக்கூட்டம் போகும் பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோர சீட் கிடைத்தது. இசக்கிக்குப் பகீர் என்றது. அந்த பஸ்ஸில் அவன் உட்கார்ந்து போனதே கிடையாது.

இரண்டாம் நாள், ரெண்டு வருஷமாகக் குடைந்துகொண்டிருந்த கடைவாய்ப் பல்வலி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. டீக்கடைக்காரி செல்லபாய் வாழைப்பழ பஜ்ஜித் தட்டை நீட்டி, "ஒரு பழம்பொரி கூட எடுத்துக்கோ சேட்டா, காசு வேண்டாம்" என்றாள். அதற்கு முன் அவள் பச்சைத் தண்ணீர்கூடச் சும்மா தந்ததில்லை.

மூன்றாம் நாள் அவனாகவே ஒரு தென்னை மரத்தடியில் போய் நின்றான். தேங்காய் விழத்தான் செய்தது, ஒரு முழம் தள்ளி. கீழே கிடந்த கருங்கல்லில் பட்டுச் சரிபாதியாக உடைந்தும் கிடந்தது. மனைவி மாடம்மாள் அதைத் துருவித் துவையல் அரைத்தாள்.

"துவையல் ருசியா இருக்குன்னு சொன்னா ஃபீஸ் கட்ட முடியுமாட்டீ?" என்று இசக்கி தலையில் கை வைத்தான்.

"கெட்டது நடந்துச்சுன்னு சொல்லித் தொலைங்களேன். அவரு என்ன கூடவே வந்து பாத்தாரா?" மாடம்மாள் பழைய சேலையைக் கிழித்து அவன் வலது காலில் சுற்றினாள். மேலே மஞ்சளைக் குழைத்து அப்பினாள்.

மறுநாள் காலை இசக்கி நொண்டிக்கொண்டே கடைக்குள் நுழைந்தான். படபடப்பில் இடது காலை நொண்டினான். நல்லவேளை, அண்ணாச்சி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என்னடே காலுல கட்டு?"

"சாரத்துல இருந்து விழுந்துட்டேன் அண்ணாச்சி. மொத நாளே!"

அண்ணாச்சி மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். "மொத நாள், கால். பொறவு?"

"போன் சிமெண்டுத் தொட்டிக்குள்ள விழுந்துட்டு." சட்டைப்பையில் போன் முணுக்கென்று ஒரு சத்தம் போட்டது. இசக்கி கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"செரி, போன். பொறவு?"

"பொஞ்சாதி கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டா."

"ஆகா! பொறவு?"

இசக்கி கன்னத்தைத் தடவினான். "பல்லுவலி..."

"பல்லுவலி எல்லாருக்கும் வரும்டே. பெருசா ஏதும் இல்லியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வேலை போச்சு அண்ணாச்சி," என்றான் இசக்கி. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மேஸ்திரி, நாளைல இருந்து வராதன்னுட்டாரு."

அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார். "வேலையேவா? மூணே நாளுலயா?"

பொய் பிடிபட்டுவிட்டது என்று இசக்கி வாசலைப் பார்த்தான். அண்ணாச்சியோ எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். கல்லை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டினார். அதே பெட்டியிலிருந்து நோட்டுக்கட்டை உருவிப் பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பதை எண்ணி வைத்தார். அதற்கு மேல் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் வைத்தார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"காலுக்கு மருந்து வாங்குடே. பாக்கி தீந்துது, என்ன?"

ரூபாயை மடியில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது இசக்கிக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்று நினைத்தபடி செருப்பைத் தேடினான்.

உள்ளே அண்ணாச்சி போனில் பேசும் சத்தம் கேட்டது.

"சுமந்த் சாரா? ஒங்க மேனேஜருக்குப் பொறந்தநாள் பரிசாக் குடுக்கணும்னு ஒரு கல்லு கேட்டீங்கல்லா, அது ரெடியாயிட்டு. ஆளை வச்சு டெஸ்ட் பண்ணியாச்சு சார்... மூணே நாளுல வேலை காலி!"