அரைக்கைச் சுடிதார்

டெல்லி ரயில் விருதுநகரைத் தாண்டியதுமே மாடத்தி மகளின் பையைத் திறந்து பார்த்தாள். மேலாக இருந்தது அரைக்கைச் சுடிதார்.

"ஏட்டி, முழுக்கையைத்தானே எடுத்து வைக்கச் சொன்னேன்?"

"அரைக்கை போதும்மா," என்றாள் செல்வலட்சுமி.

எதிரே இருந்த பொன்னுத்தங்கம் சிரித்தார். டெல்லியில் மகன் வீட்டுக்குப் போகிறவர். "டெல்லி மார்கழியை நம்பக் கூடாது தாயி. காலையில பனி, மத்தியானம் வெயிலு, நினைச்சா மழை. ஸ்டைலு பாத்தா சளிதான் பிடிக்கும்."

"நல்லாச் சொல்லுங்கம்மா! ஸ்வெட்டராவது போடச் சொல்லுங்க."

"வழியில போட்டுக்கிடுறேன். உள்ள போனதும் கழட்டிருவேன்."

"போட்டோ பிடிச்சுப் பேப்பர்ல போட்டுருவாகட்டி! அப்புறம் எவன் உன்னையப் பொண்ணு கேட்டு வருவான்?" மாடத்தி அந்தச் சுடிதாரைப் பைக்குள் அமுக்கினாள். இரண்டு வருஷமாக, கத்திரி வெயிலில்கூட மகளை முழுக்கையோடுதான் வெளியே விட்டிருக்கிறாள்.

செல்வலட்சுமி தான் போட்டிருந்த முழுக்கையை மெல்லச் சுருட்டி ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் வெந்து, சுருங்கி, கயிறாக முறுக்கியிருந்தது. பொன்னுத்தங்கத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"டெல்லி கோர்ட்டு விசாரணையில, அது சின்ன விபத்துதான், பட்டாசுக் கம்பெனியைத் திறக்க விடுங்கன்னு முதலாளியோட வக்கீல் கேப்பாரும்மா. மருந்து ரூமுல என்கூட இருந்து கருகிப்போன ஏழு பேர்ல யாரு வந்து இல்லைன்னு சொல்லுவா? நம்ம அக்கா வருவாளா?"