பதின்மூன்றாவது செவ்வாய்

தலையில் கைக்குட்டையும் கழுத்தில் விசிலுமாக பிரிஜெட் மிஸ் கோவிலுக்குள் நுழைந்தபோது, முதல் பெஞ்சில் பவுலின் செபமாலையைப் பாதிவரை உருட்டியிருந்தாள்.

மணி மூன்றே முக்கால். நாலு மணிக்கு ஹாக்கி மேட்ச்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் டோரீன் எழுந்தாள். அம்மாவின் முழங்கை அவளை உட்கார வைத்தது. செபமாலை நிற்கவில்லை.

அந்த பெஞ்சில் பவுலினின் பெயர் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் பின்னால் நின்று இருமுவாள். மூன்றாவது இருமலில் இடம் காலியாகிவிடும். அந்தோனியார் சபைத் தலைவி என்றால் சும்மாவா? மார்பில் சாசர் அளவுக்குப் பதக்கம். மர்பி டவுனில் மற்றவர்கள் ஏற்றும் மெழுகுவர்த்தியைவிட அவளுடையது ஒரு சாண் உயரம். அந்தோனியார் குனியாமலே பார்த்துக்கொள்ளட்டும் என்று.

பதின்மூன்று செவ்வாய் வேண்டுதல். ஒரு செவ்வாய் தவறினாலும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். என்ன வேண்டுதல் என்பதை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது. சீட்டில் எழுதிப் பன்னிரண்டாவது செவ்வாய்க்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கடைசிச் செவ்வாயன்று சாமியார் பெயர் சொல்லாமல் அதை வாசிப்பார்.

டோரீன் கேட்கவும் இல்லை. வீட்டில் கேட்பதற்கு வேறென்ன இருக்கிறது? அண்ணன் நோயலுக்கு வேலை. அப்படியானால் முழங்கால் போட வேண்டியவன் நோயல்தானே? அவன் ஆண் பிள்ளை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

நோயலுக்காகப் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமை பிராக்டீஸ் போயிற்று. அப்படியும் ஆறாவது வாரம் டீம் லிஸ்டில் அவள் பெயர் வந்தது. சென்டர் பார்வர்டு. அன்றைக்கு அவள் நன்றி சொன்னது தன் இரண்டு கால்களுக்கு.

பைனல் போன சனிக்கிழமையே நடந்திருக்க வேண்டும். மழை பெய்து இன்றைக்குத் தள்ளிப்போனது. மைசூர் ஸ்டேட் டீமுக்கு ஆள் பொறுக்க இரண்டு பேர் வருகிறார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருஷம். கடைசி மேட்ச்.

பிரிஜெட் மிஸ் பெஞ்சருகே வந்து ஒப்புக்கு ஒரு முழங்கால் போட்டு எழுந்தாள்.

“பவுலினம்மா, ஒரே ஒரு மணி நேரம். அப்புறம் ஒங்க பொண்ண விடிய விடிய இங்கியே முட்டி போட வைங்க. நான் கேக்க மாட்டேன்.”

“பன்னெண்டு வாரம் வந்தாச்சு மிஸ். கரையேறுற நேரத்துல காலை வாரலாமா? ஒங்க மேட்சுக்கு வேற நாளே கெடைக்கலியா?”

“சனிக்கெழம மழை பெஞ்சிடிச்சே, என்னா செய்யறது?”

“அந்த மழைய யாரு பெய்ய வச்சது?”

பவுலின் பீடத்தைப் பார்த்தாள். மழையை அனுப்புமுன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தார்கள் என்பதுபோல.

பிரிஜெட் மிஸ்ஸின் முகம் சிவந்தது.

“அப்போ சென்டர் பார்வர்டுக்கு உங்க அந்தோனியாரையே எறக்கிடவா? அவருக்கு ஷூ இருக்கா?”

பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“கோயில்ல நின்னுக்கினு பேசற பேச்சா இது? நீங்கள்லாம் கிறிஸ்தவங்கன்னு வெளில சொல்லாதீங்க மிஸ்.”

“சொல்லல. டோரீன், நீ வர்றியா இல்லியா?”

டோரீன் மறுபடி எழுந்தாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டில் விழுந்தது. செபமாலை மணிகள் தோலில் அழுந்தின.

“வாசல் தாண்டினா அப்டியே போயிடு. வீட்டுக்கு வராத.”

வாசலில் யாரோ சைக்கிள் மணியடித்து மிஸ்ஸை அவசரப்படுத்தினார்கள். பிரிஜெட் மிஸ் கைக்குட்டையை உருவிக்கொண்டு ஓடினாள். டோரீன் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்காகத் தன்னை வெறுத்தாள், அதைவிட நோயலை, அவனைவிட அம்மாவை. அந்தோனியாருக்குக் கொடுக்க அவளிடம் வெறுப்புகூட மிச்சம் இல்லை.

பிரார்த்தனை தொடங்கியது. பாட்டு. பிரசங்கம். நாலு இருபது. நாலரை. இந்நேரம் பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

சாமியார் சீட்டுகளைப் பிரித்தார். ஒரு விதவைக்குக் கால் வலி. ஒருவருக்குக் காணாமல் போன பசுமாடு. மூன்றாவது சீட்டு வந்ததும் பவுலின் முக்காட்டைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெயர் வாசிக்காவிட்டால் என்ன? முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

“அர்ச்சியசிஷ்ட அந்தோனியாரே, என் மகளைப் பள்ளிக்கூட ஹாக்கி டீமிலே சேர்த்துவிட்ட உபகாரத்துக்கு நன்றி. ஆறாவது வாரமே கேட்டதைக் கொடுத்தீர்.”

சாமியார் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“இனி பைனலிலும் அவளே கோல் போட்டு, வரப்போகும் துரைமார் கண்ணில் அவளே படும்படி கிருபை செய்யும். அதற்காகப் பதின்மூன்று செவ்வாயும் ஒன்றுகூடத் தவறாமல் அவளை உம் சந்நிதியிலேயே உட்கார வைக்கிறேன்.”

கோவில் முழுவதும் ஒரே குரலில் சொன்னது: “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

எல்லாரையும்விட உரக்கச் சொன்னவள் பவுலின்.

டோரீனின் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

“கோயிலே ஒனக்காகக் கேக்குது. நீயும் ஒரு வாட்டி வாயத் தொறந்து கேட்டா என்னாடி கொறஞ்சி போவ?”

டோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். பதின்மூன்று வாரத்தில் முதல்முறையாக, அந்தோனியாரிடம் மனதாரக் கேட்டாள்.

நான் இல்லாமல் எங்கள் டீம் ஒரு கோல்கூடப் போடக் கூடாது.