சுயேச்சைக்கு ஒரு ஓட்டு

கொட்டும் மழையில் கில்நாரா ஊரின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள் டெர்வ்லா. டப்ளினில் உள்ள அயர்லாந்து நாடாளுமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கிறாள்.

கதவைத் திறந்த பெரியவர் நோட்டீஸை வாங்கவில்லை. “இது கட்சி வீடும்மா. மூணு தலைமுறையா வேற யாருக்கும் போட்டதில்லை.”

“பிரசவ வார்டை மூடினது அந்தக் கட்சிதானே? அப்போ இருந்த நம்ம எம்.பி.யும் அதுக்குக் கை தூக்கினாரே!”

“கட்சி சொன்னா அந்த மனுஷன் என்ன செய்வார்?”

“ராஜினாமா பண்ணியிருக்கலாம். போன மாசம் நம்ம தெரு மேரேட் அக்காவுக்கு, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே, கார்ல பிரசவம் ஆயிடுச்சு. குழந்தை தங்கலை.”

பெரியவர் நோட்டீஸை வாங்கி, அவள் பெயருக்கு நேராக முதல் விருப்ப ஓட்டாக ‘1’ என்று எழுதிக் காட்டினார்.

“கை தூக்கும்போதே தப்புன்னு தெரியும்” என்றார் அந்த முன்னாள் எம்.பி. “நனையாம உள்ளே வா. உங்கம்மா டீ போட்டு வச்சிருக்கா.”