பழைய போர்டு

“போர்டு போச்சுக்கா. ஆனா மெமரி சிப்பைப் பிரிச்சுப் புது போர்டுல வச்சா, உள்ள இருக்கிறதையெல்லாம் காப்பாத்திடலாம்,” என்றார் செல்போன் கடைக்காரர்.

“வேணாம் தம்பி. எல்லாம் போகட்டும், புதுசே போடுங்க.”

என்ன கல் மனசு என்று நினைத்தபடி, கூட வந்தவளிடம் திரும்பினார்.

“தங்கச்சி நீங்களாவது சொல்லக் கூடாதா?”

அவள் தலை குனிந்துகொண்டாள்.

“தங்கச்சி இல்லப்பா, நாத்தனார். ரெண்டு வருஷமா இவ என்னைத் திட்டினதெல்லாம் ரெக்கார்ட் பண்ணி அதுலதான் வச்சிருந்தேன். நேத்துதான் ராசியானோம். ஆனாலும் அழிக்க மனசு வரல. காலைல கடவுளே போனைத் தண்ணி வாளிக்குள்ள தள்ளிட்டார்.”

கடைக்காரர் பழைய போர்டைக் கழற்றினார்.

“கடவுள் இல்ல அண்ணி,” என்றாள் நாத்தனார் மெதுவாக. “என் முழங்கை.”

“தெரியும். இடிக்க வச்சது அவர்தான்.”